சுங்கச் சாவடியில் எதிர்பாராத செலவு: வேன், லாரி வைத்துள்ள வணிகர்கள் அறிய வேண்டியவை



முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் வியாபாரிக்குச் சுங்கம் பெரும் பாரமாக இருந்திருக்கிறது என்பதற்கும், அதைக் குறைத்தவனை ஊர் மறக்கவில்லை என்பதற்கும் அந்தப் பெயரே சாட்சி.

நம் காலத்தில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளைப் பார்த்தோம். பில் சரியாக இருந்தாலும் லாரி இரவெல்லாம் வரிசையில் நிற்கும். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகள் போயின. இனி வண்டி தடையில்லாமல் ஓடும் என்று எண்ணினோம். வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் கண்மூடித் திறப்பதற்குள் பணம் போய்விடுகிறது. எவ்வளவு போயிற்று, ஏன் போயிற்று என்பது மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. சிலருக்கு அப்போதும் தெரிவதில்லை. எங்களுக்குத் தெரியாமல் போனதால் ஒரு நல்ல மனிதரை நோகடித்துவிட்டோம். அந்தச் சங்கதியை முதலில் சொல்லிவிட்டு விவரத்துக்கு வருகிறோம்.

எங்கள் கிட்டங்கியில் நடந்தது

விருதுநகரில் பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். சொந்த லாரி ஒன்றும், கடைகளுக்குச் சரக்குப் போட சின்ன வண்டி ஒன்றும் உண்டு. லாரி ஓட்டுபவர் எங்களிடம் பதினெட்டு ஆண்டுகளாக இருப்பவர்.

2024 ஏப்ரல் முதல் வாரத்தில் துவரம் பருப்பு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்த் திரும்பினார். வழக்கமாக டீசலுக்கும் பேட்டாவுக்கும் மட்டுமே கையில் பணம் கொடுப்போம். சுங்கம் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரில் கழிந்துவிடும். அந்த முறை அவர் சுங்கச் சாவடி ரசீதுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் நாங்கள் அறிந்த தொகையைப் போல இரண்டு மடங்கு இருந்தது. நான்கைந்து ரசீதுகள் வியர்வையில் நனைந்து எழுத்தே தெரியவில்லை. டீசல் பணம் சுங்கத்துக்குப் போய்விட்டதால், திரும்பி வர சென்னை வாடிக்கையாளர் கடையில் கடன் வாங்கியதாகவும் சொன்னார்.

எங்கள் கணக்குப்பிள்ளை ஒப்பவில்லை. "ஏப்ரல் முதல் தேதி ரேட்டு ஏறியிருக்குமோ?" என்று கேட்டோம். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலை ஒட்டி உயர்வு தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஜூன் 3ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. ஆகவே அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. "ஸ்டிக்கர் வேலை செய்யலைன்னு சொன்னாங்க அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மணி. ஆபீஸ் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கலை. பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சாங்க. கட்டிட்டு வந்துட்டேன்" என்றார். ஸ்டிக்கரில் பணம் இருக்கிறதே, அது எப்படி வேலை செய்யாமல் போகும் என்று நாங்கள் கேட்டோம். அவரிடம் பதில் இல்லை. கூடுதல் தொகையை மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து, விடுமுறைக்கு வந்திருந்த பேரன் வங்கியின் இணைய தளத்தில் அந்த ஸ்டிக்கர் கணக்கைத் திறந்து பார்த்தான். மார்ச் கடைசியோடு வரவு செலவு நின்றுபோயிருந்தது. ஸ்டிக்கர் முடக்கப்பட்டிருந்தது. ஒரு வண்டிக்கு ஒரே ஃபாஸ்டேக், அதற்கும் வாடிக்கையாளர் அடையாள விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று நெடுஞ்சாலை ஆணையம் கொடுத்த கெடு, இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு 2024 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்திருந்தது. வங்கி பல முறை செய்தி அனுப்பியிருக்கிறது. செய்தி போனதெல்லாம், இரண்டு ஆண்டுக்கு முன் எங்களை விட்டு விலகிப்போன குமாஸ்தாவின் கைப்பேசிக்கு!

தவறு முழுதும் எங்களுடையது. டிரைவர் வீட்டுக்கே போய் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். "பணம் போனா வரும் அண்ணாச்சி. பதினெட்டு வருஷம் ஓட்டுனவனை ஒரு சீட்டை வச்சு எடை போட்டுட்டீங்களே" என்றார். அந்தச் சொல்லுக்கு ஈடு கொடுக்க எங்கள் கல்லாவில் எதுவும் இல்லை. நம் சங்கத்து உறுப்பினர் யாருக்கும் இந்த நிலை வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கட்டணம் எப்படிக் கணக்காகிறது?

தேசிய நெடுஞ்சாலைகளில் வாங்கும் கட்டணத்துக்கு 2008ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு வகுத்த விதிகள் அடிப்படை. அதில் 2007–08ஐ அடிப்படை ஆண்டாக வைத்து ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தார்கள்.

கார், ஜீப், வேன் போன்ற இலகு வண்டிக்கு 65 பைசா.
இலகு சரக்கு வண்டி, மினி பஸ்ஸுக்கு 1 ரூபாய் 5 பைசா.
இரண்டு அச்சு பஸ், லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா.
மூன்று அச்சு லாரிக்கு 2 ரூபாய் 40 பைசா.
நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 பைசா.
ஏழு அச்சும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 4 ரூபாய் 20 பைசா.

இந்த அடிப்படை விகிதத்தின்மேல் ஆண்டுதோறும் நூற்றுக்கு 3 வீதம் நிலையான உயர்வும், மொத்த விலைக் குறியீட்டெண் ஏறிய அளவில் நூற்றுக்கு 40 பங்கும் சேர்கிறது. சாதாரணமாக ஏப்ரல் முதல் தேதி புது விகிதம் வரும். கிடைத்த தொகையை 5 ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள். ஒரு சாவடியில் உயர்ந்து, அடுத்த சாவடியில் உயராமல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த முழுமையாக்கலே பல சமயம் காரணம்.

ஒரு சாவடிக்கும் இன்னொரு சாவடிக்கும் தொகை வேறுபடுவது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு சாவடிக்கும் பின்னால் குறிப்பிட்ட நீளச் சாலை இருக்கிறது. அந்த நீளத்துக்குத்தான் பணம். சாவடியை மட்டும் கடந்து பத்துக் கிலோமீட்டரில் இறங்கிக்கொண்டாலும் முழு நீளத்துக்கும் கட்டியாக வேண்டும். பெரிய பாலம், சுரங்கம், உயர்மட்டச் சாலை இருந்தால் அந்தக் கட்டுமானத்தின் நீளத்தைப் பத்து மடங்காகக் கொண்டு கணக்கிடுவது பழைய முறை. 2025 ஜூலையில் இதைத் திருத்தினார்கள். கட்டுமானத்தின் பத்து மடங்கோடு மீதிச் சாலை நீளத்தைக் கூட்டிய அளவு, அல்லது அந்தப் பகுதியின் மொத்த நீளத்தைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது திருத்தம்.

ஒரே சாலையில், ஒரே திசையில் ஒரு சாவடிக்கும் அடுத்ததற்கும் 60 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும், நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி அமைக்க வேண்டும் என்பவையும் அதே விதிகளில் உள்ளன. காரணத்தைப் பதிவு செய்து விலக்கு அளிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். திருமங்கலத்தை ஒட்டிய கப்பலூர் சாவடியை அகற்ற வேண்டும் என்று அந்தப் பகுதி வியாபாரிகளும் வண்டிக்காரர்களும் பல ஆண்டுகளாகப் போராடி வருவதற்கு இந்த விதியே ஆதாரம்.

எந்த வண்டி எந்த வகுப்பு?

எதிர்பாராத செலவில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வகுப்பைத் தீர்மானிப்பது வண்டியின் பெயரோ, தோற்றமோ, உள்ளே இருக்கும் வசதியோ அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் பதிவான மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்த எடை, அச்சுகளின் எண்ணிக்கை, பயணி வண்டியானால் இருக்கை எண்ணிக்கை, இவைதான் அளவுகோல்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருப்பதும், டிரைவர் நீங்கலாக 12 இருக்கைக்குள் இருப்பதும் கார், வேன் வகுப்பு. 7,500க்கு மேல் 12,000 கிலோவுக்குள் இருப்பதும், 12க்கு மேல் 32 இருக்கை வரை உள்ளதும் இலகு சரக்கு வண்டி, மினி பஸ் வகுப்பு. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட இரண்டு அச்சு லாரியும், 32 இருக்கைக்கு மேற்பட்ட பஸ்ஸும் அடுத்த வகுப்பு.

எங்கள் தெருவில் நான்கு குடும்பத்தார் சேர்ந்து திருப்பதிக்கு இரண்டு வேன் அமர்த்தினார்கள். ஒன்று 12 இருக்கை, மற்றது 18. 'டோல் தனி' என்று பேசியிருந்தார்கள். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாகப் போன இரண்டு வண்டிக்கும் சுங்கத்தில் பெரிய வித்தியாசம். வேன்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வந்தது. ஏமாற்றவில்லை. சிறியது கார் வகுப்பு, பெரியது மினி பஸ் வகுப்பு. அடிப்படை விகிதமே 65 பைசாவுக்கு 1 ரூபாய் 5 பைசா என்றால், கார் 100 ரூபாய் கட்டும் இடத்தில் மினி பஸ் ஏறக்குறைய 160 ரூபாய் கட்டும். பேசும்போதே இருக்கை எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் மனக்கசப்பு வந்திருக்காது.

இப்போது படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் வைத்த கேரவன் வண்டிகளைச் சுற்றுலாவுக்கு அமர்த்தும் பழக்கமும் வந்திருக்கிறது. நாலே பேர் போகிறோம், கார் கட்டணம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சாவடி பார்ப்பதில்லை. பஸ் அடிச்சட்டத்தில் கட்டிய கேரவனானால் அதன் எடையே அதை மேல் வகுப்புக்குக் கொண்டுபோய்விடும். வாடகை பேசும்போது ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெளிமாநிலம் போனால் பெர்மிட் வரி வேறு, சுங்கம் வேறு என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஸ்டிக்கரின் நிறத்தைக் கொண்டும் வகுப்பை அறியலாம். கார், வேனுக்கு ஊதா. இலகு சரக்கு வண்டிக்கு ஆரஞ்சு. இரண்டு அச்சு பஸ், லாரிக்குப் பச்சை. நம்மில் பலர் வைத்திருக்கும் சின்னச் சரக்கு வண்டிகள் 7,500 கிலோவுக்கு உள்ளேயே அடங்கும். அப்படி இருந்தும் உங்கள் வண்டியில் ஆரஞ்சு ஸ்டிக்கர் இருந்தால், ஆர்.சி. நகலோடு வங்கிக்குப் போய் வகுப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாதம் முழுக்க ஓடும் வண்டியில் ஒவ்வொரு முறையும் போகும் வித்தியாசம் சிறிதல்ல. அதேபோல், காரில் இருந்த ஸ்டிக்கரைச் சரக்கு வண்டியில் ஒட்டிக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கண்டுபிடித்தால் ஸ்டிக்கர் முடங்கும்.

ரொக்கம் கட்டினால் இரட்டிப்பு

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் எல்லாத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளிலும் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆயிற்று. ஸ்டிக்கர் இல்லாத வண்டியும், ஸ்டிக்கர் இருந்தும் செல்லாத வண்டியும் இரு மடங்கு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2025 நவம்பர் 15 முதல் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு, யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. நூறு ரூபாய்க் கட்டணம் என்றால் ரொக்கத்துக்கு 200, யு.பி.ஐ.க்கு 125.

மதுரையிலிருந்து சென்னை போகும் வழியில் சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என எட்டுச் சாவடிகள். கணக்குக்காக ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கர் சரியாக இருந்தால் போக 800. செல்லாத ஸ்டிக்கரோடு ரொக்கம் கட்டினால் 1,600. போகவர 3,200. எங்கள் டிரைவர் கையில் இருந்த டீசல் பணம் எப்படிக் கரைந்தது என்று இப்போது புரியும்.

சாவடியை நெருங்கியதும் அவசரமாகப் பணம் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். வங்கியில் போட்ட பணம் சாவடியின் கருவிக்குத் தெரியச் சில சமயம் நேரம் ஆகும். வண்டி கிட்டங்கியை விட்டுக் கிளம்பும்போதே இருப்பைப் பார்த்து அனுப்புவதுதான் வியாபாரிக்கு அழகு.

இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு

ஒரே சாவடியை 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பிக் கடந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரைப் பங்குதான் கட்டணம். திரும்பும்போது பாதிதான் கழியும். 2020 ஆகஸ்டு முதல் இந்தச் சலுகை ஃபாஸ்டேக் மூலம் கட்டுபவர்களுக்கு மட்டுமே. ரொக்கம் கட்டுபவர்களுக்கு இது கிடையாது.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. 24 மணி நேரம் என்பது பயணம் முழுவதற்குமான கணக்கல்ல. ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனிக் கணக்கு. திங்கள் இரவு ஏழு மணிக்குச் சிட்டம்பட்டியைத் தாண்டிய லாரி பதினொரு மணிக்குத் திருமாந்துறையையும், பன்னிரண்டு மணிக்குச் செங்குறிச்சியையும், விடியற்காலை மூன்றே காலுக்குப் பரனூரையும் கடக்கிறது என்று வையுங்கள். சரக்கை இறக்கிவிட்டுச் செவ்வாய் மாலை ஏழு மணிக்குப் பரனூருக்குத் திரும்புகிறது. அங்கே பாதிதான் கழியும். ஆத்தூர், விக்கிரவாண்டியிலும் பாதி. செங்குறிச்சிக்கு இரவு பத்தரைக்கு வந்தால் இருபத்திரண்டரை மணி நேரம், அங்கும் பாதி. திருமாந்துறைக்குப் பதினொன்றரைக்கு வந்தால் இருபத்து நான்கரை மணி நேரம் ஆகிவிட்டது, முழுக் கட்டணம். அதற்குத் தெற்கே எல்லாச் சாவடியிலும் முழுக் கட்டணம்தான்.

இந்த விவரம் தெரியாமல் வங்கிப் பட்டியலைப் பார்த்தால் சில இடத்தில் பாதி, சில இடத்தில் முழுதும் என்று குழப்பமாக இருக்கும். டிரைவர் வேறு எங்கோ சுற்றிவிட்டு வந்தார் என்ற சந்தேகம் கூட வரும். இறக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக வேலை முடிந்தால் இன்னும் ஒரு சாவடியில் பாதி மிச்சம் ஆகும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பாதிக் காசுக்காகத் தூக்கமில்லாத டிரைவரை விரட்டக் கூடாது. லாரியும் உயிரும் அதைவிடப் பெரியவை.

மாதப் பாஸ், உள்ளூர் சலுகை, ஆண்டுப் பாஸ்

தினமும் ஒரே சாவடியைக் கடந்து கடைகளுக்குச் சரக்குப் போடுபவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு. ஐம்பது ஒருவழிப் பயணத்துக்கான கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டினால் ஒரு மாதத்தில் ஐம்பது முறை கடக்கலாம். நூறு ரூபாய்ச் சாவடியானால் பாஸ் ஏறக்குறைய 3,333 ரூபாய்.

இது எப்போது லாபம்? தனித்தனியாகக் கட்டினால் ஐம்பது முறைக்கு 5,000. அன்றன்றே திரும்பும் வண்டியானால் ஒன்றரைப் பங்குக் கணக்கில் இருபத்தைந்து போகவரப் பயணத்துக்கு 3,750. ஆகவே மாதம் 23 நாள் போய்வருபவருக்குத்தான் பாஸில் லாபம் தொடங்கும். 22 நாளுக்குள் நிற்பவர் பாஸ் எடுத்தால் நஷ்டம். நம் ஊரில் வாரம் ஒரு நாள் விடுமுறை, பண்டிகை, துஷ்டி என்று கழித்துப் பார்த்துவிட்டுப் பாஸ் எடுங்கள்.

சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்த உபயோக வண்டிக்கு, அதாவது வாடகைக்கும் சரக்குக்கும் அல்லாத வண்டிக்கு, குறைந்த கட்டணத்தில் உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வணிக வண்டிக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் விதியில் உள்ளது. ஆனால் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இது இல்லை. பக்கத்தில் அணுகு சாலையோ மாற்றுச் சாலையோ இருந்தாலும் இல்லை. சாவடியில் மாட்டியிருக்கும் கட்டணப் பலகையில் இதற்குத் தனிப் பத்தி இருக்கும். ஒரு முறை வண்டியை ஓரம் கட்டி நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

2025 ஆகஸ்டு 15 முதல் ஆண்டுப் பாஸ் வந்தது. தொடங்கியபோது 3,000 ரூபாய். 200 முறை அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். இதைக் கேட்டு நம் உறுப்பினர் சிலர் சரக்கு வண்டிக்கும் எடுக்க முயன்றார்கள். இது சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டுமே. மஞ்சள் பலகை வண்டிக்குக் கிடையாது. அதோடு, மத்திய அரசின் நெடுஞ்சாலைச் சாவடிகளில்தான் செல்லும். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை போல மாநிலத்தின் சார்பில் கட்டணம் வாங்கும் இடங்களில் வழக்கம்போல் பணம் கழியும்.

தவறாகப் பிடித்தால் என்ன செய்வது?

எங்கள் சின்ன வண்டி கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், எங்கோ ஒரு சாவடியில் அதன் பெயரில் பணம் கழிந்ததாகச் செய்தி வந்தது. கருவி படிக்காதபோது கையால் எண்ணைத் தட்டுகிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறொருவர் கணக்கில் போய்விடும். ஸ்டிக்கர் கொடுத்த வங்கியில் அன்றே புகார் பதிந்தோம். வண்டி நின்ற இடத்துக்கு அத்தாட்சியாக அன்றைய சரக்குப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தோம். பணம் திரும்பியது. நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033. இதையும் டிரைவர் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.

ஸ்டிக்கர் செல்லுபடியாகவும் போதிய இருப்போடும் இருந்து, சாவடியின் கருவி பழுதால் படிக்கவில்லை என்றால் கட்டணம் இல்லாமல் விடவேண்டும், பூஜ்ய ரசீது கொடுக்க வேண்டும் என்பது 2018 மே மாத அறிவிப்பு. டிரைவருக்கு இது தெரிந்திருந்தால் வாக்குவாதம் இல்லாமல் கேட்டுப் பெறலாம். ஆனால் நூறு மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் கட்டணம் இல்லை என்று இன்னும் சிலர் சாவடியில் சண்டை போடுகிறார்கள். 2021இல் வந்த அந்த உத்தரவு 2024இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதைச் சொல்லி வாதாடிப் பயன் இல்லை.

சரக்கின் அடக்கத்தில் சுங்கம்

இதை வெறும் வண்டிச் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. லாரிக்குப் போகும் வழியில் சுங்கம் மட்டும் 2,400 ரூபாய் என்று வைப்போம். ஐம்பது கிலோ மூட்டை 200 ஏற்றினால் மூட்டைக்கு 12 ரூபாய். ரொக்கம் கட்டி இரட்டிப்பானால் 24 ரூபாய். வண்டி காலியாகத் திரும்பினால் திரும்பு சுங்கமும் அந்த 200 மூட்டையின் தலையில்தான். மொத்த வியாபாரத்தில் மூட்டைக்கு நாம் பார்க்கும் லாபம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். செல்லாத ஸ்டிக்கர் ஒன்று ஒரு லோடின் லாபத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடும்.

வாடகை லாரி பேசும்போது 'டோல் உட்பட' என்றோ 'டோல் தனி' என்றோ சீட்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 'டோல் தனி' என்றால் ஃபாஸ்டேக் கட்டணம் மட்டுமே தருவோம், லாரிக்காரரின் ஸ்டிக்கர் கோளாறால் வரும் இரட்டிப்பு அவரைச் சேரும் என்று முன்பே பேசிவிடுங்கள். பின்னால் பேசினால் பகை. சாலைச் சுங்கத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆகவே அதில் உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. முழுதும் அடக்கத்தில்தான் சேர வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

எங்கள் கிட்டங்கியில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம்.

1. எல்லா வண்டியின் ஸ்டிக்கருக்கும் முதலாளியின் கைப்பேசி எண்ணையே கொடுத்திருக்கிறோம். ஆள் மாறினாலும் எண் மாறாது.

2. வாரந்தோறும் சனிக்கிழமை கணக்குப்பிள்ளை ஸ்டிக்கர் இருப்பையும், அது செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துப் பேரேட்டில் குறிக்கிறார்.

3. வண்டி கிளம்பும்போது டிரைவருக்கு ஒரு பயணச் சீட்டு. ஒவ்வொரு சாவடியும் கடந்த நேரத்தை அதில் எழுதுகிறார். வங்கிப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க இது உதவுகிறது.

4. ரொக்க ரசீது கிடைத்தால் உடனே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். ரசீதின் எழுத்து சில நாளில் மங்கிவிடும்.

5. விற்ற வண்டியின் ஸ்டிக்கரை விற்ற அன்றே வங்கியில் சொல்லி முடித்துவிடுகிறோம். இல்லாவிட்டால் வாங்கியவர் ஓட்டும் பயணத்துக்கு நம் கணக்கில் பணம் போகும்.

6. இரவு எந்நேரமும் டிரைவர் கூப்பிட்டால் எடுக்க ஓர் எண். அது எங்கள் வீட்டு எண்.

ஏழாவதாக ஒன்று உண்டு. அதைப் பேரேட்டில் எழுத முடியாது. தொகை ஒத்துவரவில்லை என்றால் முதலில் நம் கணக்கைப் பார்ப்பது, அதன் பிறகுதான் ஆளைப் பார்ப்பது.

சாவடிகளின் இடைவெளி, உள்ளூர் வண்டிச் சலுகை போன்றவற்றில் நியாயம் கேட்பது சங்கத்தின் வேலை. அதைச் சங்கம் செய்யட்டும். நாமும் தோள் கொடுப்போம். ஆனால் ஸ்டிக்கர் செல்லுகிறதா, வகுப்பு சரியா, இருப்பு போதுமா என்று பார்ப்பது அவரவர் கடமை. இந்த இதழைப் படித்து முடித்த கையோடு உங்கள் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு முறை பாருங்கள். அது எந்த நிறம், யார் எண்ணில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லையானால், இன்று கடையைச் சாத்துவதற்குள் விசாரித்துவிடுங்கள்.

எங்கள் டிரைவர் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். சாவியை அதே ஆணியில்தான் மாட்டுகிறார்.